தோமா வந்தாரா என்ற பேச்சில் ஊகத்தையும் சான்றையும் பிரிப்பது எப்படி

இயேசுவின் சீடரான அப்போஸ்தலர் தோமா 1ஆம் நூற்றாண்டில் இந்தியா வந்தார் என்பது மரபு. அதைப் பற்றிப் பேசும்போது, முதலில், அதைச் சொல்லும் எழுத்து எந்தக் காலத்தது என்று கேளுங்கள். எடுத்துக்காட்டாக, ஓரியூரில் 1693இல் கொல்லப்பட்ட இயேசு சபைக் குரு அருளானந்தர் சிறையிலிருந்து எழுதிய கடிதமே இருக்கிறது, அது சான்று. தோமா இந்தியா வந்ததை விரிவாகச் சொல்லும் ‘தோமாவின் பணிகள்’ 3ஆம் நூற்றாண்டு நூல், தோமாவின் காலத்துக்கு ஏறக்குறைய 150 ஆண்டு பிந்தியது.

அதில் தோமா சந்தித்ததாக வரும் கொண்டோபாரஸ் மன்னனின் காசுகள் கிடைத்திருக்கின்றன, சரி, மன்னன் இருந்தது உறுதி, ஆனால் தோமா அவனைப் பார்த்தார் என்பதற்கு அந்தக் காசு சாட்சி இல்லை.

அப்புறம் நம்ம ராமநாதபுரம் பக்கத்துப் பழைய துறைமுகம் அழகன்குளம். அங்கே தோண்டியதில் ரோமானியக் காசும் ஆம்போரா (இரண்டு கைப்பிடி வைத்த ரோமானிய ஜாடி) ஓடும் வந்தன. கடல் வணிகம் நடந்திருக்கிறது. அந்தக் கப்பலில் அப்போஸ்தலரும் ஏறினார் என்றால், அது ஊகம். அதற்காக ‘வரவே இல்லை’ என்று அடித்துச் சொல்பவரையும் விடாதீர்கள், அவரிடமும் ஆதாரம் கேளுங்கள்.