வரிசையில் இருக்கிறோம் என்று நம்பிவிடாதீர்கள்

குழந்தைப் பருவத்திலிருந்தே உடற்குறைபாட்டுடன் வளர்ந்த பிள்ளையை, 16 அல்லது 17 வயதில், வேலை விசாவில் வரும் குடும்பத்துடன் இங்கிலாந்துக்கு அழைத்து வருபவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் தோழியின் மகளுக்கு இருப்பது பெருமூளை வாதம் (செரிப்ரல் பால்சி) என்பதால் என் உதாரணங்கள் அதைச் சுற்றியே இருக்கும். தசைச்சிதைவு, முதுகுத்தண்டுப் பிளவு உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

அலுவல் நடைமுறைகளில் அதிகச் சிரமம் இல்லை. விசாவுடன் சுகாதாரக் கட்டணத்தைச் செலுத்திவிட்டீர்கள், ஆகவே என்.எச்.எஸ். என்னும் அரசு மருத்துவச் சேவையின் சிகிச்சை உங்களுக்கு உண்டு. வந்த வாரமே அருகிலுள்ள ஜி.பி. சர்ஜரியில், அதாவது பொது மருத்துவரின் கிளினிக்கில், பதிவு செய்யுங்கள். முகவரிச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பினால், அது கட்டாயமில்லை என்பதைப் பணிவாக எடுத்துச் சொல்லுங்கள். தசை இறுக்கத்துக்குப் பாக்லோஃபென் சாப்பிடும் பிள்ளையானால் போதிய மாத்திரைகளை ஊரிலிருந்தே மருத்துவரின் சீட்டுடன் கொண்டுவாருங்கள். அதைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரை போகலாம். நம் ஊர் மருந்துக்கடையில் பழைய அட்டையைக் காட்டி வாங்கிவிடுவதைப் போல இங்கே வாங்க முடியாது.

இனி, தோழியின் குடும்பத்தை முடக்கிப்போட்ட விஷயத்துக்கு வருகிறேன். சென்னையில் கோட்டூர்புரத்து வித்யாசாகர் போன்ற ஓரிடத்தில் பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி, படிப்பு எல்லாம் ஒரே கூரையின்கீழ் கிடைப்பதையும், எலும்பு மருத்துவரைப் பார்க்க வேண்டுமானால் மறுநாளே டோக்கன் வாங்கி உட்கார்ந்துவிடுவதையும் பழகிய நமக்கு, இங்குள்ள பிரிவினை எளிதில் புரிவதில்லை. குழந்தையாக இருக்கும்வரை ஒரு குழந்தைநல மருத்துவர் எல்லாவற்றையும் ஒருங்கிணைக்கிறார். 18 வயதானதும் அந்தப் பொறுப்பு பெரும்பாலும் ஜி.பி.யிடம் வந்து நின்றுவிடுகிறது. இடுப்பு, நரம்பு, சக்கர நாற்காலி, ஸ்ப்ளிண்ட் என்னும் கால் தாங்கி ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கதவைத் தட்ட வேண்டும். இங்கேயே வளர்ந்த பிள்ளைகளுக்காவது முந்தைய மருத்துவர் எழுதிய கடிதம் கையில் இருக்கும். 17 வயதில் வந்திறங்கும் நம் பிள்ளைக்கு அதுவும் இல்லை.

தோழியின் மகளை ஜி.பி. அக்கறையுடன்தான் பார்த்தார், மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்கு ரெஃபரலும் (பரிந்துரைக் கடிதம்) அனுப்பினார். 16 வயதைக் கடந்த புதிய நோயாளிகளை ஏற்பதில்லை என்று அது திரும்பி வந்தது. பிறகு பெரியவர்களுக்கான மறுவாழ்வு மருத்துவப் பிரிவுக்கு அனுப்பினார்கள். 18 நிறையவில்லை என்று அதுவும் திரும்பியது. இரண்டு மறுப்புக் கடிதங்களும் சர்ஜரியின் கணினியில் ஏற்றப்பட்டனவே தவிர, வீட்டுக்கு ஒரு வரிகூட வரவில்லை. என்.எச்.எஸ். என்றாலே காத்திருப்புதான் என்று எல்லோரும் சொல்லிவைத்திருந்ததால், வரிசையில் இருக்கிறோம் என்றே அந்தத் தாய் நம்பிக்கொண்டிருந்தார். இல்லாத வரிசை அது. ஊரில் செய்த ஸ்ப்ளிண்ட் இதற்குள் சிறிதாகிவிட்டது. கணுக்கால் எலும்பின்மேல் ஒரு ரூபாய் நாணயமளவு சிவந்து, தோல் உரியத் தொடங்கியதால் அதை மாட்டுவதையே நிறுத்தினார்கள். முழங்கால்கள் மடங்கி இறுகின. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறும்போது தானே ஊன்றி நிற்கும் பெண், இப்போது இருவர் தூக்கினால்தான் மாற முடியும் என்ற நிலைக்கு வந்துவிட்டாள். பத்தாண்டுகளுக்கு மேல் தினமும் காலையில் அந்தக் கால்களை நீட்டிவிட்டு வளர்த்த தாயிடம், பயிற்சி தரப்படவில்லையா என்று பிறகு ஒருவர் கேட்டார். அந்தக் கேள்வியை என்னால் இன்றும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

ஆகவே ரெஃபரல் அனுப்பப்படும் அன்றே எந்த மருத்துவமனை, எந்தப் பிரிவு, எந்தத் தேதி என்று குறித்துக்கொண்டு, கடிதத்தின் நகலையும் கேட்டு வாங்குங்கள். இரண்டு வாரம் கழித்து அந்தப் பிரிவின் செயலாளரைத் தொலைபேசியில் அழையுங்கள். எப்போது அப்பாயின்ட்மென்ட் கிடைக்கும் என்று கேட்டால் காத்திருங்கள் என்ற பதில்தான் வரும். ரெஃபரல் ஏற்கப்பட்டதா, திருப்பி அனுப்பப்பட்டதா என்று கேளுங்கள். திருப்பியிருந்தால் அன்றே ஜி.பி.யிடம் சென்று, சிறப்பு மருத்துவரிடம் நேரடியாக ஆலோசனை கேட்டு எழுதும் வழியைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். சேவை மாறும் வயதினருக்காக 2016இல் வந்த நைஸ் (சிகிச்சை நெறிகளை வகுக்கும் தேசிய அமைப்பு) வழிகாட்டுதல் என்.ஜி.43, பெருமூளை வாதமுள்ள பெரியவர்களுக்காக 2019இல் வந்த என்.ஜி.119 ஆகிய இரண்டையும் எண்ணோடு குறிப்பிட்டுக் கடிதம் எழுதினால் பேச்சின் தொனியே மாறுவதைப் பார்த்திருக்கிறேன். அப்படியும் நகரவில்லையென்றால் மருத்துவமனையிலேயே இருக்கும் பால்ஸ் என்னும் நோயாளர் உதவிப் பிரிவை அணுகலாம். சக்கர நாற்காலிச் சேவைக்கும் ஸ்ப்ளிண்டுக்கும் தனித்தனியாகக் கேட்க மறக்காதீர்கள். ஒன்று கிடைத்தால் மற்றதும் தானே வரும் என்று இருந்துவிட வேண்டாம்.

ஊரிலிருந்து கொண்டுவரும் தடித்த கோப்பைப் புரட்டிப் பார்க்க இங்கே எவருக்கும் நேரமில்லை. மாற்றுத்திறனாளி அட்டையில் உள்ள சதவீதமும் இங்கே செல்லாது. நோயின் பெயர், செய்த அறுவை சிகிச்சைகள் நடந்த தேதிகளுடன், மருந்துகளின் மூலப்பெயர், மில்லிகிராம் அளவு, கடைசி இடுப்பு எக்ஸ்ரேயில் தெரிந்தது ஆகியவற்றை ஊர் மருத்துவரிடமே ஒரே பக்கத்தில் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து வாங்கி வாருங்கள்.

16 வயதுக்கு மேற்பட்டவர் தம் முடிவைத் தாமே எடுக்க வல்லவர் என்ற அனுமானத்திலிருந்தே 2005ஆம் ஆண்டு மனத்திறன் சட்டம் தொடங்குவதால், மருத்துவர் உங்களை விட்டுவிட்டு நாற்காலியில் இருக்கும் பிள்ளையிடம் பேசுவார். அதை அவமரியாதையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 18க்குப் பிறகு, பிள்ளை முடிவெடுக்க இயலாத நிலையில் இருந்தாலும், பெற்றோர் என்பதனால் மட்டும் உங்கள் கையெழுத்து செல்லாது. பிள்ளையின் நலனுக்கு எது உகந்தது என்பதை உங்களைக் கலந்துகொண்டு மருத்துவக் குழு முடிவு செய்யும். தமிழ் மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே கேட்டால் இலவசமாக ஏற்பாடு செய்வார்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, விசாவில் பொது நிதி, அதாவது அரசின் உதவித்தொகைகள், பெறத் தடை இருக்கும்வரை பிப் என்னும் உடற்குறைபாட்டு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்காதீர்கள். அது விசா நிபந்தனையையே மீறியதாகும். உள்ளூர் கவுன்சிலின் பராமரிப்பு உதவியோ அந்தத் தடைப் பட்டியலில் இல்லை. 2014ஆம் ஆண்டு பராமரிப்புச் சட்டத்தின்படி பிள்ளைக்கான தேவை மதிப்பீட்டையும், உங்களுக்கான பராமரிப்பாளர் மதிப்பீட்டையும் தயங்காமல் கேளுங்கள். விசா பயத்தில் இதைக் கேட்காமலே இடுப்பு ஒடியத் தூக்கிக்கொண்டிருக்கும் நம்மவர் வீடுகளை எனக்குத் தெரியும்.

19 வயதானதும் ஒவ்வொரு மருந்துக்கும் 9.90 பவுண்டு கேட்பார்கள். வலிப்புக்குத் தொடர் மருந்து எடுப்பவர்களுக்கும், பிறர் துணையின்றி வெளியே செல்ல முடியாதபடி நிரந்தர உடற்குறைபாடு உள்ளவர்களுக்கும் விலக்குச் சான்றிதழ் உண்டு. சர்ஜரியின் வரவேற்பு மேசையில் அதற்கான எஃப்.பி.92ஏ படிவம் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். நீங்கள் கேட்காதவரை அவர்களாக எடுத்துத் தரமாட்டார்கள்.