எக்ஸ்பாக்ஸ் 360 ஹார்ட் டிஸ்கில் அழிந்த சேவ்களை கம்ப்யூட்டரில் மீட்பது எப்படி

என் பழைய எக்ஸ்பாக்ஸ் 360 கேம் மெஷினை நோண்டிக்கொண்டிருந்த அக்கா பையன் தம்பியின் ப்ரொஃபைலை அழித்துவிட்டான். அழிக்கப் போகும்போது அந்த மெஷின் ஒரு கேள்வி கேட்கும்: ப்ரொஃபைல் மட்டும் போதுமா, அதோடு சேர்ந்த எல்லாமும் போகட்டுமா என்று. அவன் இரண்டாவதை அமுக்கியிருக்கிறான். தம்பி காலேஜ் காலத்தில் ராத்திரி ராத்திரியாக விளையாடிச் சேர்த்த சேவ்கள், அதாவது கேமில் எதுவரை வந்தோம் என்று பதிந்திருக்கும் ஃபைல்கள், அத்தனையும் காலி.

இப்படி நடந்தால் முதலில் மெஷினை அணைத்துவிடுங்கள். "போயிருக்கா பார்ப்போம்" என்று ஒரு கேமைத் திறந்தால்கூட, புதிதாக எழுதப்படுவது பழையதன் மேலேயே போய் விழலாம்.

நல்ல செய்தி, இந்த டிஸ்க் என்கிரிப்ட் செய்யப்பட்டதில்லை, அதாவது ரகசியச் சாவி போட்டுப் பூட்டியதில்லை. பிளேஸ்டேஷன் 3 என்றால் ஒவ்வொரு மெஷினுக்கும் தனிச் சாவி இருக்கும், டிஸ்கை மட்டும் கழற்றி வந்து ஒன்றும் பண்ண முடியாது. 360-இல் தடை ஒன்றுதான்: ஃபேட்எக்ஸ் என்கிற ஃபைல் சிஸ்டம், அதாவது டிஸ்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறை. அது விண்டோஸுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

கழற்றுவது மாடலைப் பொறுத்தது. 2005-இல் வந்த பழைய பருத்த மாடலில் டிஸ்க் ஒரு தனி டப்பாவில் உட்கார்ந்திருக்கும். அந்த டப்பாவின் கனெக்டர் நம் கேபிளில் சேராது, அதனால் டப்பாவைத் திறந்தாக வேண்டும். வெளியே டி6 டார்க்ஸ் (நட்சத்திரத் தலை) ஸ்க்ரூ, உள்ளே டி10. மூன்றைக் கழற்றியும் மூடி வரவில்லை என்றால் நெம்பாதீர்கள், நாலாவது ஸ்க்ரூ மைக்ரோசாஃப்ட் ஸ்டிக்கருக்கு அடியில் இருக்கிறது. 2010-இல் வந்த ஸ்லிம்மில் மூடியைத் திறந்து பட்டையைப் பிடித்து இழுத்தாலே டிஸ்க் வந்துவிடும். உள்ளே இருப்பது சாதாரண லேப்டாப் ஹார்ட் டிஸ்க்தான், 2.5 இன்ச் சாட்டா. ஒரு சாட்டா-யூஎஸ்பி கேபிள் போதும். (4 ஜிபி என்று விற்ற ஸ்லிம்மில் டிஸ்கே வாங்கிப் போடாமல் விட்டிருந்தால் உள்ளே இருப்பது ஃப்ளாஷ் மெமரி, இந்த வழி அதற்கு உதவாது.)

இனி கவனமாகப் படியுங்கள், இந்த இடத்தில்தான் நான் ஒருமுறை வேறொரு டிஸ்கைக் கெடுத்துக்கொண்டேன். கேபிளைச் சொருகியதும் எக்ஸ்ப்ளோரரில் எதுவும் வராது. வரவில்லையே என்று டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறப்பீர்கள். உடனே ஒரு பெட்டி எழும்பி, இந்த டிஸ்கை இனிஷியலைஸ் செய்ய வேண்டும் (விண்டோஸுக்கு ஏற்றபடி தயார் செய்ய வேண்டும்), எம்பிஆரா ஜிபிடியா என்று கேட்கும். டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்ற அட்டவணையை எழுதும் இரண்டு முறைகள் அவை. கேன்சல் அமுக்குங்கள். நான் ஓகே கொடுத்தேன், அதுவும் ஜிபிடியில். ஜிபிடி டிஸ்கின் ஆரம்பத்தில் 34 செக்டர்களுக்குள் (செக்டர் என்பது டிஸ்கின் மிகச் சிறிய துண்டு) தன் அட்டவணையை எழுதும். 360 டிஸ்கின் செக்யூரிட்டி செக்டர், அதாவது டிஸ்கின் சீரியல் நம்பரும் மைக்ரோசாஃப்டின் டிஜிட்டல் கையெழுத்தும் இருக்கும் இடம், சரியாக 16-ஆவது செக்டர். அது போனால் உள்ளே இருக்கிற கேம், சேவ் எல்லாம் அப்படியே இருக்கும், ஆனால் மெஷின் அந்த டிஸ்கைத் தன்னுடையது என்று ஏற்றுக்கொள்ளாது.

அதனால் வேறு எதையும் தொடும் முன் டிஸ்க் முழுவதையும் ஒரு இமேஜ் ஃபைலாக, அதாவது அச்சு அசலான நகலாக, எடுத்துவிடுங்கள். லினக்ஸ் இருந்தால் டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருள் நல்லது. படிக்க முடியாத செக்டரில் சிக்கிக்கொண்டு நிற்காமல் தாண்டிப் போய், மற்றதை எடுத்துவிட்டு, பிறகு திரும்பி வந்து முயலும். விண்டோஸில் செக்டர் செக்டராகக் காப்பி எடுக்கிற எந்த மென்பொருளும் சரி, ஆனால் எதிலிருந்து எதற்கு என்பதை இரண்டு முறை பாருங்கள். 20 ஜிபி டிஸ்க் என்றால் ஒரு டீ குடித்து வருவதற்குள் முடியும், 250 ஜிபி என்றால் ராத்திரி போட்டுவிட்டுத் தூங்குங்கள். டிஸ்க் டக் டக் என்று சத்தம் போட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அது மென்பொருள் வேலை இல்லை, டேட்டா ரெக்கவரி ஆட்களின் வேலை. இமேஜ் வந்ததும் டிஸ்கைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடலாம். இனி எல்லாம் இமேஜில்தான்.

எதுவும் அழியவில்லை, மெஷின்தான் செத்துவிட்டது என்றால் வேலை சுலபம். ஃபேட்எக்ஸ்ப்ளோரர் என்ற மென்பொருள் டிஸ்கை விண்டோஸில் ஒரு டிரைவ் மாதிரியே காட்டும், காப்பி எடுத்துக்கொள்ளலாம். மெஷினும் ஓடுகிறது என்றால் டிஸ்கைக் கழற்றவே வேண்டாம், ஸ்டோரேஜ் மெனுவில் போய் பென் டிரைவுக்கு நகர்த்தினால் முடிந்தது.

அழிந்ததை மீட்க ஃபேட்எக்ஸ்டூல்ஸ் என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்தினேன். மீட்பு ஏன் சாத்தியம் என்று தெரிந்துகொண்டால் எதை எதிர்பார்க்கலாம் என்பதும் புரியும். ஃபேட்எக்ஸில் ஒவ்வொரு ஃபைலுக்கும் 64 பைட்டில் ஒரு குறிப்பு இருக்கும்: பெயர், அளவு, தேதி, எந்த க்ளஸ்டரில் (ஃபைல்களுக்கு இடம் ஒதுக்கும் துண்டில்) தொடங்குகிறது என்பது. ஃபைலை அழித்தால் அந்தக் குறிப்பு முழுதாக அழிவதில்லை, பெயரின் நீளத்தைச் சொல்லும் முதல் பைட்டில் மட்டும் அழிந்தது என்பதற்கு அடையாளமாக இ5 என்று எழுதப்படும். ஆனால் அடுத்த துண்டு எங்கே என்று சொல்லும் சங்கிலி போய்விடும். ஆக, ஃபைல் எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்று தெரியும், நடுவில் எங்கெல்லாம் போனது என்று தெரியாது. மென்பொருள் அதை ஒரே வரிசையாக இருந்ததாக வைத்துக்கொண்டு எடுக்கும். க்ளஸ்டர் 16 கேபி. சில நூறு கேபி சேவ் என்றால் பெரும்பாலும் வரிசையாகவே இருக்கும், நாலைந்து ஜிபி கேம் என்றால் துண்டு துண்டாகச் சிதறியிருக்க வாய்ப்பு அதிகம். டிவிடியிலிருந்து இன்ஸ்டால் செய்த கேம்களுக்காக மெனக்கெடாதீர்கள், அவற்றை ஓட்ட எப்படியும் அந்த டிவிடி வேண்டும்.

ஃபேட்எக்ஸ்டூல்ஸில் இமேஜைத் திறந்து, கடைசியில் இருக்கிற பெரிய டேட்டா பார்ட்டிஷனில் (டிஸ்கின் பிரிவில்) அந்தக் குறிப்புகளைத் தேடும் மெட்டாடேட்டா அனலைசரை ஓட்டுங்கள். உங்களுக்கு வேண்டியது கன்டென்ட் கோப்புறை. அதற்குள் 16 எழுத்து நீளப் பெயரில் இருப்பது ஒவ்வொன்றும் ஒரு ப்ரொஃபைல் (பதினாறும் சைபராக இருந்தால் அது எல்லோருக்கும் பொது), அதற்குள் எட்டு எழுத்தில் இருப்பது கேம், அதற்குள் 00000001 என்பது சேவ். 00010000 என்று இருப்பது ப்ரொஃபைல் ஃபைல். அதையும் விட்டுவிடாதீர்கள், சேவ் எந்த ப்ரொஃபைலுக்குச் சொந்தமோ அதோடு சேர்ந்தால்தான் சிக்கலில்லாமல் திறக்கும்.

எடுத்த சேவ் ஒவ்வொன்றையும் ஒரு ஹெக்ஸ் எடிட்டரில் (ஃபைலைப் பைட் பைட்டாகக் காட்டும் மென்பொருளில்) திறந்து முதல் மூன்று எழுத்தைப் பாருங்கள். ஆங்கிலத்தில் சி, ஓ, என் என்று பெரிய எழுத்தில் இருந்தால் ஆரம்பமாவது சரியாக வந்திருக்கிறது. தம்பியின் ஃபைல்களில் ஒன்று வெறும் சைபராக வந்தது, இன்னொன்றில் வேறு ஏதோ கேமின் ஒலித்துண்டு உட்கார்ந்திருந்தது. அவற்றைத் தூக்கிப் போட்டேன். தலை சரியாக இருப்பவற்றை ஹொரைசன் என்ற மென்பொருளில் திறந்து, உள்ளே இருக்கிற ஃபைல்கள் ஒழுங்காகப் பிரிகின்றனவா என்று பாருங்கள். அதில் ரீஹாஷ், ரீசைன் என்று ஒரு பட்டன் இருக்கும். பார்ப்பதற்கு முன் அதை அமுக்கிவிடாதீர்கள், உடைந்த ஃபைலுக்கும் அது புதுக் கையெழுத்துப் போட்டு நல்லது மாதிரி காட்டிவிடும்.

திருப்பிப் போட பென் டிரைவே போதும். மெஷினில் சொருகி அதன் ஸ்டோரேஜ் மெனுவிலேயே கான்ஃபிகர் செய்யுங்கள், அதில் இருப்பதெல்லாம் அழியும் என்பதால் காலியான டிரைவாகப் பாருங்கள். அப்புறம் கம்ப்யூட்டரில் மாட்டி, ஹொரைசன் வழியாக முதலில் ப்ரொஃபைல், பிறகு சேவ்கள் என்று உள்ளே போட்டு, மெஷினில் அந்த ப்ரொஃபைலால் சைன் இன் செய்தால் போதும். 360-க்கான ஆன்லைன் கடையை 2024 ஜூலை 29-இல் மூடிவிட்டார்கள்; முன்பு காசு கொடுத்து வாங்கியதை இன்னும் டவுன்லோட் செய்யலாம், ஹார்ட் டிஸ்கில் மட்டும் இருந்த சேவ்களுக்கு அந்த வசதி கிடையாது.

தம்பிக்கு மிக வேண்டியிருந்த கால்பந்து சேவ் வந்துவிட்டது. ரேஸ் கேம் வரவில்லை. அந்த இடத்தில்தான் பையன் புதிதாக ஒரு ப்ரொஃபைல் உருவாக்கி அரை மணி நேரம் விளையாடியிருக்கிறான்.