கூடையை இறக்கி வைத்த பிறகு: வாழ்க்கை மாறும்போது உடற்பயிற்சியைக் கைவிடாமல் இருப்பது எப்படி

தேயிலைத் தோட்டத்தில் யாரும் "உடற்பயிற்சி செய்கிறேன்" என்று சொல்வதில்லை. விடிந்ததும் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களம், அங்கிருந்து மலை, கொழுந்து நிறுக்க ஒரு இறக்கம், மறுபடி ஒரு ஏற்றம் என்று உடம்புக்கு வேண்டியது வேலைக்குள்ளேயே நடந்துவிடும். அதனால்தான் வேலை நின்றால் அதோடு சேர்ந்து வேறென்ன நின்றது என்று தெரிவதில்லை. ரொட்டி அதே அளவு, சீனி போட்ட தேத்தண்ணி அதே எண்ணிக்கை, ஏற்றம் மட்டும் இல்லை. இரண்டு மூன்று கிழமையிலேயே மூச்சுத் திறன் குறையத் தொடங்கும். கால் பலம் கொஞ்சம் பிந்திக் குறையும். ஆறு மாதம் கழித்துக் கோயில் படியில் மூச்சு வாங்கும்போது "வயசாயிருச்சு" என்று வயதின் மேல் பழியைப் போட்டுவிடுகிறோம்.

உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவர்களுக்குச் சொல்லும் அளவு, கிழமைக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு. பேச முடியும், ஆனால் பாட முடியாது என்ற அளவுக்கு மூச்சு வாங்கினால் அது மிதமான உழைப்பு. கூடவே இரண்டு நாளாவது தசைக்குப் பயிற்சி வேண்டும். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு, விழாமல் நிற்கும் பயிற்சி மூன்று நாள்.

முதலில் ஒரு பத்து நிமிடத்தைக் காப்பாற்றுங்கள்

பழக்கம் என்பது இடத்தோடும் நேரத்தோடும் கூட வரும் ஆளோடும் ஒட்டிக்கொண்டிருப்பது. வீடு மாறினால், வேலை மாறினால் அதுவும் போய்விடும். ஆகவே எங்கே போனாலும் கூட வரும் ஒன்றோடு அதைக் கட்டிப் போடுங்கள். காலைத் தேத்தண்ணிக்குக் கேத்தலை அடுப்பில் வைக்காத வீடில்லை. கேத்தல் ஏறியதும் தொடங்குங்கள். ஒரு பாய் விரிக்கும் இடம் போதும், லயத்து வீட்டின் ஒற்றை அறையான காம்பராவிலும் செய்யலாம்.

1. அசையாத நாற்காலியில் கையூன்றாமல் உட்கார்ந்து எழுவது: 8 தடவை, இரண்டு சுற்று.
2. சுவரில் கையூன்றி நெஞ்சை அருகே கொண்டுபோய்த் தள்ளுவது: 10 தடவை.
3. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி மெதுவாக இறக்குவது: 15 தடவை.
4. ஒற்றைக் காலில் நிற்பது: ஒவ்வொரு காலுக்கும் 10 விநாடி, சுவருக்குப் பக்கத்தில்.
5. கைக்கொன்றாக 5 லீற்றர் தண்ணீர்க் கேன் தூக்கி முன்னும் பின்னுமாக 20 எட்டு நடப்பது: மூன்று தடவை.

எத்தனை பெரிய மாற்றம் வந்தாலும் இந்தப் பத்து நிமிடத்தை விடாதீர்கள். நடையும் மற்றவையும் ஒரு மாதம் நின்றால்கூட, இது இருந்தால் திரும்பிவரப் பாதை இருக்கும்.

வேலையிலிருந்து ஓய்வு

மிகவும் கவனிக்க வேண்டிய மாற்றம் இதுதான். கொழுந்து பறித்த கால்கள் பலமானவை. ஆனால் முதுகு பல வருடமாக முன்பக்கம் வளைந்தே இருந்தது, கூடைக் கயிறு தலையில் இழுத்துக் கழுத்து இறுகியிருக்கும். ஓய்வுக்குப் பிறகு கால் பலம் போய்விடும், இறுக்கம் மட்டும் மிஞ்சும். அதனால் மேலே சொன்னவற்றோடு ஒன்றைச் சேருங்கள்: சுவரில் முதுகைச் சாய்த்து நின்று, இரண்டு கையையும் சுவரோடு ஒட்டி மேலே வழுக்கி ஏற்றுவது, 10 தடவை.

கால் பலத்தை வீட்டிலேயே அளக்கலாம். கையை நெஞ்சில் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை தடவை நாற்காலியிலிருந்து முழுதாக எழ முடிகிறது என்று எண்ணுங்கள். 60–64 வயதில் பெண்ணுக்கு 12க்கும், ஆணுக்கு 14க்கும் குறைந்தால் விழும் ஆபத்து கூடுகிறது. மாதம் ஒருமுறை எண்ணிக் கலண்டரில் எழுதி வையுங்கள்.

நடைக்குப் பழைய மலைக்கே போக வேண்டியதில்லை, தோட்டத்து ரோட்டே போதும். முழங்காலைக் கெடுப்பது ஏற்றத்தைவிட இறக்கம்தான். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைத் தாங்க வேண்டும். நேராக இறங்காமல் குறுக்கும் நெடுக்குமாக, சின்ன அடியாக, முழங்காலைச் சற்று மடித்து இறங்குங்கள். கையில் ஒரு கம்பு இருக்கட்டும். ரப்பர் செருப்பு வேண்டாம், ஈரப் பாசியில் வழுக்கும்.

சீனி வருத்தம் உள்ளவர்கள் சோறு சாப்பிட்ட பின் 10–15 நிமிடம் நடந்தால் இரத்தத்தில் சீனி ஏறுவது குறையும். இன்சுலின் அல்லது சீனியை இறக்கும் மாத்திரை எடுப்பவர்கள் பையில் இரண்டு டொபி வைத்திருங்கள். வீட்டுக்கு வந்ததும் உள்ளங்காலைப் பாருங்கள். மரத்துப்போன காலில் காயம் வலிக்காது.

கொழும்புக்குப் போகிறவர்கள்

குளிரில் வளர்ந்த உடம்பு கொழும்பு வெக்கைக்குப் பழக ஒன்றிரண்டு கிழமை எடுக்கும். முதல் கிழமையில் வழக்கமான வேகத்தில் பாதி, அதுவும் காலை ஆறு மணிவாக்கில். கடையில் பத்து மணித்தியாலம் நிற்பதை நடையாகக் கணக்குப் பண்ணாதீர்கள். அதில் கால் வீங்குமே தவிர மூச்சுத் திறன் வளராது. வேலை முடிந்து இரண்டு ஹோல்ட் முன்னாலேயே பஸ்ஸை விட்டு இறங்கி நடப்பது பலருக்குச் சரிப்படும். லீவு நாளில் காலிமுகத்திடல் இருக்கிறது, விகாரமகாதேவி பூங்கா இருக்கிறது. தீபாவளிக்கு ஊருக்கு வந்த அன்றே மலை ஏறி இறங்கினால் இரண்டாம் நாள் தொடை பிடித்துக்கொள்ளும். முதல் நாள் ரோட்டில் மட்டும் நடங்கள்.

பிள்ளை பிறந்த பிறகு

சாதாரணப் பிரசவமென்றால் முடிந்த அளவு மெதுவாக நடப்பதை முதல் நாட்களிலேயே தொடங்கலாம். அடிவயிற்றுத் தளத் தசைக்கான பயிற்சியையும் அப்போதே தொடங்கலாம். சிறுநீரை அடக்குவதுபோல் 5 விநாடி இறுக்கி, 5 விநாடி விடுங்கள். பத்து தடவை, நாளுக்கு மூன்று வேளை. சிறுநீர் கழிக்கும்போது இதைச் செய்யக் கூடாது. சத்திரசிகிச்சைப் பிரசவமானால் ஆறு கிழமைக்குப் பிள்ளையின் எடைக்கு மேல் தூக்கக் கூடாது, பத்து நிமிடப் பயிற்சியின் தண்ணீர்க் கேனையும்தான். தண்ணீர் பிடிக்கும் பீலியிலிருந்து குடம் தூக்குவதை அந்தக் காலம் முழுக்க வீட்டில் வேறு யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும், இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. நடந்த பிறகு இரத்தப்போக்குக் கூடினால் அது உடம்பு சொல்லும் எச்சரிக்கை. நிறுத்திவிட்டு மருத்துவிச்சியிடம் சொல்லுங்கள்.

பிரசவ லீவு முடிந்ததும் நேரே முழுக் கொழுந்து சுமப்பதால்தான் இடுப்பு போகிறது. கடைசி மூன்று கிழமையில் பையில் 2 கிலோ, பிறகு 4, பிறகு 6 என்று வைத்துச் சின்ன ஏற்றத்தில் பழகுங்கள். மூச்சு வாங்குவதற்கு இரத்தசோகையும் காரணமாகலாம், கிளினிக்கில் பார்த்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் இரும்புச்சத்து சேர்வது குறையும். ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கள்.

துக்க வீட்டில்

கணவனோ மனைவியோ போன வீட்டில் பயிற்சியைப் பற்றிப் பேசாதீர்கள். பதினாறு முடிந்ததும், "கடை வரைக்கும் போயிட்டு வருவோம், வாங்க" என்று கூட்டிக்கொண்டு போங்கள். அதே ஆள், அதே நேரம், கிழமைக்கு மூன்று நாள். தனியாக விட்டால் கதவைத் தாண்ட மாட்டார்கள்.

மழையும் மற்றவையும்

ஹட்டன், மஸ்கெலியா பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை மழை. ஊவாப் பக்கம் ஒக்டோபர் முதல் ஜனவரி வரை கனம். அந்த மாதங்களில் பத்து நிமிடப் பயிற்சியை இரண்டு வேளையாக்குங்கள். மண்சரிவு எச்சரிக்கை இருக்கும் நாளில் சரிவுப் பாதையில் போகவே வேண்டாம். சிறுத்தை நடமாட்டம் உள்ள தோட்டங்களில் நன்றாக வெளுத்த பிறகு கிளம்புங்கள். குளவிக் கூடு இருக்கும் மரத்தடியை விலக்கி நடங்கள்.

ஒரு மாதம் விட்டுப்போனால், விட்ட இடத்திலிருந்து தொடங்காதீர்கள். முன்பு நடந்ததில் பாதி நேரம், அதன் பின் கிழமைக்கு ஐந்து நிமிடம் கூட்டுங்கள். நடக்கும்போது நெஞ்சு இறுகினால், வலி கைக்கோ தாடைக்கோ ஓடினால், தலை சுற்றிக் கண் இருண்டால் அங்கேயே உட்கார்ந்து 1990 அம்புலன்சை அழையுங்கள். வீடு வரைக்கும் ஏறிவிடலாம் என்று பார்க்க வேண்டாம்.