பேட்டரி உள்ள ஆர்எஃப்ஐடி டேக்: தோல் குடோனில் வண்டி தேடப் பழகுவோம்

ரேடியோ அலை வழியாக ஒரு பொருளின் அடையாள நம்பரைப் படிக்கும் முறைதான் ஆர்எஃப்ஐடி. நம்பரைச் சொல்வது டேக், அதைப் படிக்கும் கருவி ரீடர். பள்ளிகொண்டா டோல்கேட்டில் கார் கண்ணாடியில் இருக்கும் ஃபாஸ்டேகும் இப்படி ஒரு டேக்தான், அதில் பேட்டரி கிடையாது. ரீடர் அனுப்பும் ரேடியோ அலையிலிருந்தே சக்தியை எடுத்துக்கொண்டு பதில் சொல்லும். அதனால் சில மீட்டர்தான் எட்டும். பேட்டரி உள்ள ஆக்டிவ் டேக் அப்படியில்லை. அதற்குச் சொந்த பேட்டரி, சொந்த ரேடியோ. பெரும்பாலானவை யாரும் கேட்காமலே சில விநாடிக்கு ஒருமுறை தன் நம்பரைச் சொல்லிக்கொண்டே இருக்கும். திறந்த வெளியில் 100 மீட்டர்கூடப் போகும்.

ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கத்துத் தோல் குடோன்களுக்கு இது ரொம்பவே உதவும். எந்த லாட் எந்தத் தள்ளுவண்டியில், எந்த மூலையில் நிற்கிறது என்று ஆள் விட்டுத் தேடுவது எவ்வளவு அலைச்சல் என்று அங்கே வேலை செய்தவர்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் சக்கர நாற்காலி தேடுவதும் இதே கதைதான்.

படி 1: டேக் வாங்குங்கள். 433 மெகாஹெர்ட்ஸ், 2.4 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு வகை அதிகம் புழங்குகின்றன. பழகுவதற்கு 2.4-இல் இயங்கும் புளூடூத் பீக்கன் (தன் நம்பரைப் புளூடூத்தில் சொல்லிக்கொண்டே இருக்கும் சின்னக் கருவி) போதும். வேலை செய்யும் விதம் ஒன்றுதான், உங்கள் போனே ரீடராகிவிடும்.

படி 2: இடைவெளியை முடிவு செய்யுங்கள். அடிக்கடி பேசினால் பேட்டரி சீக்கிரம் தீரும். சிஆர்2032 பட்டன் செல்லில் சுமார் 220 மில்லிஆம்பியர்-மணி இருக்கும். டேக் சராசரியாக 15 மைக்ரோஆம்பியர், அதாவது 0.015 மில்லிஆம்பியர் இழுத்தால், 220-ஐ 0.015-ஆல் வகுங்கள்: சுமார் 14,600 மணி நேரம், அதாவது ஒன்றரை வருஷத்துக்குக் கொஞ்சம் மேல். தள்ளுவண்டி ஓடுகிற ஓட்டத்துக்குப் பத்து விநாடிக்கு ஒருமுறை போதும்.

படி 3: சிக்னலை அளந்து பாருங்கள். இந்தப் படியைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். புளூடூத் ஸ்கேனர் ஆப் ஒன்றைத் திறந்தால் -60, -75 என்று ஓர் எண் தெரியும். பூஜ்ஜியத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு பலம். முதலில் திறந்த மைதானத்தில் பாருங்கள். தூரம் இரட்டிப்பானால் அந்த எண் ஏறத்தாழ 6 டெசிபெல் குறையும். அப்புறம் குடோனுக்குள் வாருங்கள், கணக்கே மாறிவிடும். ஈரத் தோலில் உள்ள தண்ணீர் 2.4 அலையை உறிஞ்சும், இரும்பு அதைத் திருப்பி அடிக்கும். நான் முதலில் வண்டியின் இரும்புச் சட்டத்தில், ஈரத் தோல் அடுக்குக்குப் பின்னால் டேகை ஒட்டினேன். பத்தடி தள்ளி நின்றாலே சிக்னல் காணோம். பிறகு நடுவே ஒரு பிளாஸ்டிக் துண்டு வைத்து, கைப்பிடியின் உச்சியில் கட்டினேன். வாசலில் நின்றபோதே பிடித்தது. பெட்டியில் அச்சடித்த தூரத்தை நம்பாமல் உங்கள் இடத்தில், சரக்கு நிறைந்திருக்கும்போது அளந்து பாருங்கள்.

படி 4: ரீடர்களை மாட்டுங்கள். அறைக்கு ஒன்று, ஆள் உயரத்துக்கு மேலே. எந்த ரீடரில் சிக்னல் பலமோ, வண்டி அந்த அறையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு அளவை வைத்து இடத்தை மாற்றிவிட வேண்டாம், ஆள் குறுக்கே நடந்தாலே எண் ஆடும். கடைசி ஐந்து அளவுகளின் சராசரியை எடுங்கள். அறை வரைக்கும்தான் சொல்லும், மூலையைச் சொல்லாது. சரி, அறை தெரிந்தால் போனில் எண் ஏறுகிற பக்கமாக நடந்தே வண்டியைப் பிடித்துவிடலாம்.