பெங்களூரில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆவது எப்படி? பி.யூ.சி. முதல் பதிவு எண் வரை

அல்சூர், மர்பி டவுன், ஸ்ரீராமபுரம் என்று நம்மவர்கள் இருக்கிற எந்தப் பகுதியிலும் இப்போது சைக்காலஜி படிக்க ஆசைப்படும் பிள்ளைகளைப் பார்க்க முடிகிறது. பெற்றோர் கேட்பது ஒன்றுதான்: "இதைப் படிச்சா சொந்தமா கிளினிக் வைக்கலாமா?" வைக்கலாம். ஆனால் கையில் பட்டம் இருந்தால் மட்டும் போதாது, பெயர் பதிவேட்டில் ஏற வேண்டும். கட்டணம் கட்டுவதற்கு முன்பே இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

பதிவு என்றால் என்ன?

மனநலப் பிரச்சினைகளைச் சோதித்து, மருந்தில்லாமல் தெரபி தரும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்டுகளுக்கு உரிமம் தருவது ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வு கவுன்சில். 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்தது. அந்தச் சட்டத்தின் கீழ் வரும் தொழில்களைப் பதிவில்லாமல் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் யார் என்பதை ஆர்.சி.ஐ. அங்கீகரித்த படிப்பை வைத்துத்தான் சொல்கிறது.

தண்டனையை விடுங்கள், அன்றாட வேலைக்கே இது தேவை. ஒரு குழந்தைக்கு ஐ.க்யூ. சோதனை செய்து எழுதிய அறிக்கையின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். கையெழுத்துக்குக் கீழே ஆர்.சி.ஐ. பதிவு எண் இருக்கும். மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கோ தேர்வில் கூடுதல் நேரத்துக்கோ அந்த அறிக்கையைக் கொண்டுபோனால் முதலில் அந்த எண்ணைத்தான் தேடுவார்கள். எண் இல்லையென்றால் அந்தத் தாய் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு இன்னொரு இடத்தில் மறுபடி பணம் கட்டிச் சோதனை செய்ய வேண்டிவரும். எனக்கு இதில் மனசு ஆறுவதே இல்லை.

படி 1: பி.யூ.சி., அப்புறம் இளநிலை

பி.யூ.சி.யில் (பிளஸ் டூ) ஆர்ட்ஸ், காமர்ஸ், சயின்ஸ் எதுவானாலும் பெரும்பாலான கல்லூரிகளில் பி.ஏ. சைக்காலஜி சேரலாம். பெங்களூரில் பல கல்லூரிகளில் சைக்காலஜியோடு இன்னும் இரண்டு பாடங்களைச் சேர்த்துப் படிக்கும் முறை உண்டு. அதனால் பாதகம் ஒன்றுமில்லை. புள்ளியியலை மட்டும் ஒதுக்கிவிடாதீர்கள், பின்னால் ஆய்வுக்கட்டுரை எழுதும்போது அதுதான் கைகொடுக்கும்.

மருந்து எழுத வேண்டும் என்பது உங்கள் விருப்பமானால் இது வேறு பாதை: எம்.பி.பி.எஸ். முடித்து மனநல மருத்துவத்தில் எம்.டி. செய்ய வேண்டும்.

படி 2: முதுநிலை

எம்.ஏ. அல்லது எம்.எஸ்சி. சைக்காலஜி, இரண்டாண்டு. இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். "எம்.எஸ்சி. கிளினிக்கல் சைக்காலஜி" என்று பெயர் இருப்பதாலேயே அது உரிமம் தரும் படிப்பு ஆகிவிடாது. ஆர்.சி.ஐ. அங்கீகாரம் இல்லாத அந்தப் பட்டம், அடுத்த படிக்கு ஏறுவதற்கான தகுதி மட்டுமே.

அடுத்த படியாக இதுவரை நடைமுறையில் இருந்த எம்.ஃபில். சேர்க்கைக்கு முதுநிலையில் 55 சதவீதம் கேட்டார்கள். இடஒதுக்கீட்டில் தளர்வு உண்டு. தொலைதூரக் கல்வியில் படிக்க நினைப்பவர்கள், அடுத்த படியில் சேர விரும்பும் நிறுவனம் அதை ஏற்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தையை நம்பி இரண்டு வருடத்தைக் கொடுக்காதீர்கள்.

படி 3: உரிமத்துக்கான பயிற்சி

இத்தனை காலம் இதற்கு முக்கிய வழி, இரண்டாண்டு முழுநேர எம்.ஃபில். கிளினிக்கல் சைக்காலஜி. நம் ஊர் ஓசூர் ரோட்டில் இருக்கும் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இந்தப் பயிற்சியில் நாட்டின் முன்னோடி. தார்வாட் டிம்ஹான்ஸ், ராஞ்சி சி.ஐ.பி., டெல்லி இப்ஹாஸ் போன்ற மனநல நிறுவனங்களும் பெயர் பெற்றவை. நுழைவுத்தேர்வு, நேர்காணல் இரண்டும் உண்டு. இடங்கள் மிகக் குறைவு. ஒரே நிறுவனத்தை நம்பி இருக்காமல் நாலைந்து இடங்களுக்கு விண்ணப்பிப்பதே புத்திசாலித்தனம்.

இப்போது இந்தப் பாதை மாறிக்கொண்டிருக்கிறது. எம்.ஃபில். பட்டத்தையே நிறுத்திவிட்ட யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு), கிளினிக்கல் சைக்காலஜிக்கும் மனநல சமூகப்பணிக்கும் விலக்குப் போல 2025-26 கல்வியாண்டு வரை நீட்டிப்புத் தந்தது. கூடவே ஆர்.சி.ஐ. புதிய படிப்புகளையும் கொண்டுவந்திருக்கிறது: நான்காண்டு பி.எஸ்சி. ஹானர்ஸ், அதற்கு மேல் எம்.ஏ. கிளினிக்கல் சைக்காலஜி, சை.டி. என்கிற தொழில்முறை முனைவர் படிப்பு. ஆகவே சீனியர் அக்கா போன வழியிலேயே கண்ணை மூடிக்கொண்டு போகாதீர்கள். நீங்கள் சேரும் ஆண்டில் எந்தப் படிப்பு, எந்தப் பதிவுக்குத் தகுதி தருகிறது என்று பார்த்துத்தான் சேர வேண்டும்.

எந்தப் பெயரில் படித்தாலும் பயிற்சியின் உயிர் வார்டிலும் ஓ.பி.யிலும்தான் இருக்கிறது. கேஸ் ஹிஸ்டரி எடுப்பது, மனநிலைப் பரிசோதனை, பினே-காமத் போன்ற நுண்ணறிவுச் சோதனைகள், ரோர்ஷாக் என்கிற மைக்கறைச் சோதனை, நரம்பியல் உளவியல் மதிப்பீடு, தெரபி என எல்லாவற்றையும் மேற்பார்வையாளர் பார்வையில் செய்ய வேண்டும்.

கிருஷ்ணகிரி பக்கமிருந்து ஓர் அம்மா வந்து உட்கார்கிறார் என்று வையுங்கள். "எனக்கு மனச்சோர்வு" என்று சொல்லமாட்டார். "நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குதுப்பா, சோறு எறங்க மாட்டேங்குது, ராவெல்லாம் கண்ணு மூடறதில்ல" என்பார். எப்போதிலிருந்து, அதற்கு முன் வீட்டில் என்ன நடந்தது, இதற்கு முன் இப்படி வந்ததா, வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றியதா என்று அவர் போக்கிலேயே போய்க் கேட்க வேண்டும். கடைசிக் கேள்வியைத் தயங்காமல், அதே சமயம் பதறவைக்காமல் கேட்கப் பழகவே பலருக்கு மாதக்கணக்கில் ஆகிறது. புத்தகத்தில் இது வராது. உங்களுக்குத் தமிழோடு கன்னடமும் நன்றாக வந்தால் பெங்களூரில் இந்த வேலைக்கு அது பெரிய பலம்.

படி 4: பதிவு

படிப்பு முடிந்ததும் சான்றிதழ்களோடு ஆர்.சி.ஐ. இணையதளத்தில் விண்ணப்பித்து, மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் பெயர் சேர்க்க வேண்டும். பதிவைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்; அதற்குத் தொடர்கல்விப் பயிலரங்குகளில் கலந்துகொண்டு புள்ளிகள் சேர்க்க வேண்டும்.

இத்தனை வருடம் முடியாது என்றால்?

குடும்ப நிலைமை எல்லோருக்கும் ஒன்றாக இருக்காது. முதுநிலை முடித்துப் பள்ளியிலோ தொண்டு நிறுவனத்திலோ கவுன்சலராக வேலை செய்வது மதிப்பான வழிதான். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று மட்டும் பலகை மாட்டக் கூடாது.

இந்த வாரமே செய்யலாம்

ஆர்.சி.ஐ. இணையதளத்தில் அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களின் பட்டியல் இருக்கிறது. அதில் கர்நாடகத்தைப் பாருங்கள், முடிந்தால் தமிழ்நாட்டையும். அப்புறம் நீங்கள் நினைத்திருக்கும் கல்லூரிக்குப் போன் போட்டு மூன்று கேள்வி கேளுங்கள்: இந்தப் படிப்புக்கு ஆர்.சி.ஐ. அங்கீகாரம் எந்த ஆண்டு வரை இருக்கிறது? கிளினிக்கல் பயிற்சி எந்த மருத்துவமனையில்? போன வருடம் முடித்தவர்களுக்குப் பதிவு எண் கிடைத்துவிட்டதா? பதில் இழுத்தடிப்பாக வந்தால் அங்கே முன்பணம் கட்டாதீர்கள்.