கொத்து வேலை, பூச்சு வேலை எடுப்பவர்கள் செய்யும் தவறுகள்

சாரத்திலிருந்து ஆள் விழுந்துவிட்டால் "பார்த்து ஏறுன்னு சொன்னேனே" என்பார் மேஸ்திரி. சொல்லியிருப்பார்தான். ஆனால் போன சைட்டில் மழையில் நனைந்து வெயிலில் காய்ந்து நைந்துபோன கயிற்றையே இங்கேயும் கட்டச் சொன்னது யார்?

முக்கியமாகப் பலகை. சவுக்குக் கம்பின் மேல் பலகையைச் சும்மா போட்டு, முனையைக் கட்டாமல் நீட்டி விட்டிருப்பார்கள். பூசிக்கொண்டே நகர்கிற கொத்தனாரின் கண் சுவரில்தான் இருக்கும், காலில் இருக்காது. நீட்டிய முனையில் கால் வைத்ததும் மறுமுனை தூக்கிக்கொள்ளும், அவ்வளவுதான். முனையைக் கட்ட ஐந்து நிமிடம்கூட ஆகாது.

அப்புறம், நாலரை இஞ்சு தடிமனுள்ள சுவரை ஒரே நாளில் ஆள் உயரத்துக்கு ஏற்றுவது. கலவை இறுகாத சுவர் காற்றுக்கே சாயும், அதனால் ஒரு நாளைக்கு ஒன்றரை மீட்டரோடு நிறுத்துங்கள், அதன் நிழலில் உட்கார்ந்து யாரையும் சாப்பிட விடாதீர்கள்.

சிமென்ட்டை யாரும் ஆபத்தான பொருளாகவே நினைப்பதில்லை. ஈர சிமென்ட்டின் பிஎச் அளவு 12-க்கு மேல், கடும் காரம். சுடுவது முதலில் தெரியாது, சாயங்காலம் கைகால் கழுவும்போதுதான் விரலிடுக்கில் தோல் வெந்திருப்பது தெரியும். துணிக் கையுறை வாங்கிக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று இருப்பவர்களும் உண்டு. அது ஈரத்தை உறிஞ்சி நாள் முழுக்கத் தோலோடு ஒட்டவைக்கும், வெறுங்கையே தேவலை என்று ஆகிவிடும். ரப்பர் கையுறையும் கம்பூட்ஸும் கொடுங்கள், பூட்ஸுக்குள் கலவை போய்விட்டால் உடனே கழற்றிக் கழுவச் சொல்லுங்கள். சீலிங் பூசுகிறவருக்குக் கண்ணாடி கட்டாயம். கண்ணில் தெறித்தால் எண்ணெய், தாய்ப்பால் என்று கைவைத்தியம் பார்க்காமல் நல்ல தண்ணீரால் 20 நிமிடமாவது விடாமல் கழுவி, நேராகக் கண் டாக்டரிடம் போக வேண்டும்.

ஒயரிங் பைப்புக்காகச் சுவரை கட்டரால் வெட்டும்போது மூக்கில் துண்டு கட்டிக்கொள்வதால் பெரிய பிரயோஜனம் இல்லை. நுரையீரலைக் கெடுக்கிற சிலிக்கா தூசி கண்ணுக்கே தெரியாத அளவு பொடி, துணிக்குள் தாராளமாகப் புகும். அதில் வருகிற சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோயைக் குணப்படுத்த மருந்து கிடையாது. என்-95 முகக்கவசம் வாங்குங்கள். தண்ணீர் விட்டு வெட்டினால் தூசி பெருமளவு அடங்கும், ஆனால் அதற்கென்று உள்ள மெஷினில்தான். சாதாரண கட்டரில் தண்ணீர் ஊற்றினால் ஷாக் அடிக்கும்.

கடைசியாக, ஆட்களைக் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்யச் சொல்லாமல் விடுவது. தமிழ்நாட்டில் இந்த வாரியம் 1994 முதல் இருக்கிறது, 18 முதல் 60 வயது வரை பதியலாம், விபத்து உதவித்தொகையும் பிள்ளைகளின் படிப்புக்குப் பணமும் கிடைக்கும். ஏற்கெனவே பதிந்தவர்களிடம் அட்டையை வாங்கி, புதுப்பிக்க வேண்டிய தேதி தாண்டிவிட்டதா என்று பாருங்கள்.