பேனல் கராஜ் கதவுக்குப் பெயின்ட்: இடுக்கை முதலில் முடியுங்கள்

குறுக்குப் பேனல்களைக் கீல் போட்டு இணைத்து, தண்டவாளத்தில் மேலேறும் கராஜ் கதவு. இரும்புக் கதவுதானே, ஒரு நாள் வேலை என்று நினைத்து பெயின்ட் அடிக்க இறங்கினேன். மறுநாள் காலை கதவைத் தூக்கியதும் பர்ர்ரென்று ஒரு சத்தம். பேனல்கள் சேரும் இடுக்குகளில் பெயின்ட் நாடா போல உரிந்து தொங்கியது.

சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவிட்டு, 220 நம்பர் உப்புத்தாளால் மினுமினுப்பு போகும்வரை மட்டும் தேயுங்கள். தகரம் தெரியும் இடங்களுக்கு, துத்தநாகம் பூசிய தகரத்துக்கென்றே விற்கும் ப்ரைமர். ஓரத்து ரப்பர் பட்டைகளை டேப் ஒட்டி மூடிவிடுங்கள். கீல், உருளை, தண்டவாளம் எதிலும் பெயின்ட் படக்கூடாது. மேலே இருக்கும் ஸ்பிரிங்கை மட்டும் தொடவே வேண்டாம். அது முறுக்கேறி நிற்கிறது, ஆளையே அடித்துவிடும்.

இனி இடுக்கு. கதவு மேலேறி வளைவில் திரும்பும்போது, பேனல்களுக்கு நடுவே வெளிப்பக்கம் வாய் பிளக்கும். ஒரு மூட்டு அப்படிப் பிளந்ததும் நிறுத்துங்கள். மோட்டார் இருந்தால் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, உருளைக்குக் கீழே தண்டவாளத்தில் ஒரு கிளாம்ப் போட்டு முடுக்குங்கள். கதவு சரிந்தால் அந்த இடுக்கில் விரல் நசுங்கிவிடும். ஏணியில் ஏறி, 2 அங்குல பிரஷ்ஷால் விளிம்புகளில் மெல்லிசாக அடியுங்கள். தொட்டால் விரலில் ஒட்டாத பிறகும் இன்னும் சில மணி நேரம் விட்டு, அப்புறம் அடுத்த மூட்டு. நான் இந்த இடத்தில்தான் அவசரப்பட்டேன். ஈரம் போகாத இரண்டு விளிம்புகள் ராத்திரி முழுக்க அழுந்திக் கிடந்தால் வேறென்ன ஆகும்?

இடுக்கு முடிந்தால் மற்றதெல்லாம் சுலபம். கதவை இறக்கி, பள்ளமான கட்டங்களை முதலில், சமதளத்தைப் பிறகு அடியுங்கள். எனக்கு 4 அங்குல ஃபோம் ரோலர்தான் பிடித்திருக்கிறது; ஸ்ப்ரே கன் என்றால் சுற்றியுள்ளதை டேப் ஒட்டி மூடுவதிலேயே பாதி நாள் போய்விடும். மெல்லிசாக இரண்டு கோட்டிங். நேர் வெயிலில் வேண்டாம், ரோலர் போன தடம் அப்படியே நின்றுவிடும்.

பின்சேர்க்கை: எனாமல் (எண்ணெய் கலந்த பெயின்ட்) மிச்சம் இருக்கிறது, அடிக்கலாமா என்று இருவர் கேட்டிருந்தார்கள். துத்தநாகப் பூச்சின் மேல் நேரடியாக வேண்டாம். எண்ணெயும் துத்தநாகமும் சேர்ந்து அடியில் சோப்பு போல ஒரு படலம் உண்டாகும், கொஞ்ச நாளில் பெயின்ட் பொருக்குப் பொருக்காகக் கழன்றுவிடும். வெளிப்புறச் சுவருக்கான அக்ரிலிக் பெயின்டே போதும். முன்பைவிட அடர்ந்த நிறம் கேட்டவருக்கு: வெயில் படும் கதவென்றால் பேனல் சூடேறி வளையக்கூடும். நான் பழைய வெளிர் சாம்பலிலேயே நின்றுகொண்டேன்.